பதினான்காவது வளையம்

மனித குலத்தின் வரலாற்றில் மூன்று மகத்தான சாதனைகள் உண்டு. முதலாவது நெருப்பு. இரண்டாவது சக்கரம். மூன்றாவது, அந்தச் சக்கரத்துக்குப் பன்னிரண்டு நிறம் பூசி, அதில் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதி ஒன்பதைத் தூக்கி எறிந்தது. முதல் இரண்டும் யார் செய்தது என்று எவருக்கும் தெரியாது. மூன்றாவதைச் செய்தது வெண்டில்ஹாம்ன் நகராட்சி. அதற்குக் கூட்டக் குறிப்பு இருக்கிறது. குறிப்பின் அடியில் கையெழுத்து இருக்கிறது. கையெழுத்து செயலாளர் வில்காட்டுடையது.

வில்காட் இருபத்திரண்டு ஆண்டுகளாக நகராட்சிச் செயலாளர். அவருடைய குறிப்பேட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கட்டங்கள்: தீர்மானம், ஆதரவு, மாற்றுக் கருத்து. மூன்றாவது கட்டத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரு புள்ளிகூட விழுந்ததில்லை. அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து இளம் செயலாளர்கள் வந்தால் அந்த வெற்றுக் கட்டங்களைத்தான் வில்காட் புரட்டிக் காட்டுவார். அவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஊரில் யாருக்கும் மாற்றுக் கருத்தே கிடையாது என்று நினைத்துவிடக் கூடாது. ஏராளமாக உண்டு. ஆனால் ஸ்வீடனின் மேற்குக் கரையில் பிறந்தவர்கள் கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு "முடியாது" என்று சொல்ல மாட்டார்கள். அது கெட்ட வார்த்தை இல்லை, குழந்தைகள் முன்னால் சொல்வதில்லை, அவ்வளவுதான். சம்மதமில்லாதவர் காபியோடு வரும் லவங்கப்பட்டை பன்னைப் பாதியில் வைத்துவிடுவார். தலைவர் ஆல்வார் தட்டுகளை ஒரு சுற்றுப் பார்ப்பார். மூன்று தட்டில் பாதிப் பன் கிடந்தால் அந்த விஷயம் 'மேலும் ஆலோசிக்க' என்று அடுத்த கூட்டத்துக்குப் போகும். ஒன்றிரண்டு என்றால் யாருக்கோ வயிறு சரியில்லை என்று பெருந்தன்மையோடு எடுத்துக்கொண்டு, "கூட்டம் இப்படித் தீர்மானிக்கலாமா?" என்பார். "சரி" என்று ஒரே குரல் கேட்கும். மரச்சுத்தியல் இறங்கும். குறிப்பேட்டில் பன்னுக்குக் கட்டம் கிடையாது.

இப்படிப்பட்ட புண்ணிய பூமிக்குத்தான் ஸ்டாக்ஹோமிலிருந்து நிற ஆலோசகர் ஒத்திலியா வந்து சேர்ந்தார். பெயரிலேயே ஒத்து இருந்தது ஊர் செய்த பாக்கியம். வந்த அன்றே கூட்ட அறைச் சுவரில் ஒரு நிறச் சக்கரத்தை ஒளிரவிட்டார்.

"இதுல பக்கத்துப் பக்கத்துல இருக்கற நிறங்களைப் பாருங்க. நீலம், நீலப்பச்சை, பச்சை. மூணும் அண்டை வீட்டுக்காரங்க மாதிரி. ஒருத்தர் புல்லு வெட்டற சத்தம் அடுத்தவருக்குக் கேக்காது. இந்த மூணை மட்டும் வெச்சு ஊரையே அமைச்சா, பாக்கறவங்க கண்ணு எங்கயும் தடுக்காது. வழுக்கிக்கிட்டே போகும்."

"எதிர்ப்பக்கம் ஒண்ணு இருக்கே, அது?" என்று ஆல்வார் கேட்டார்.

"ஆரஞ்சு. நீலத்துக்கு நேர் எதிர்ல உக்காந்திருக்கு. ரெண்டையும் பக்கத்துல வெச்சா ரெண்டும் கத்தும்."

'கத்தும்' என்ற சொல்லைக் கேட்டதும் ஒன்பது பேர் கொண்ட குழு நடுங்கிவிட்டது. ஒருவர் காபியைச் சிந்தினார். எல்லாரும் பன்னைக் கடைசித் துணுக்குவரை தின்றார்கள். 'அண்டை நிறக் கொள்கை' பதினொரு நிமிடத்தில் நிறைவேறியது. வில்காட் மூன்றாவது கட்டத்தை வழக்கம்போல வெறுமையாக விட்டார். மனசு குளிர்ந்தது.

அதன்பிறகு நடந்ததெல்லாம் பொற்காலம். பொன்னிறம் கொள்கைக்குப் புறம்பானது என்பதால் கடல்நிறக் காலம் என்று சொல்வதே முறை. குப்பை பிரிக்கும் இடத்தில் முன்பு ஆறு தொட்டிகளும் ஆறு நிறத்தில் பட்டிக்காட்டுத்தனமாக நின்றன. எந்த முட்டாளும் ஒரே பார்வையில் காகிதத்தைக் காகிதத் தொட்டியில் போட்டுவிட முடிந்தது. இப்போது ஆறும் ஆறு விதமான கடல் பச்சை. ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பம் குடும்பமாக மக்கள் காலிப் புட்டியைக் கையில் பிடித்தபடி தொட்டிகளின் முன் தியானத்தில் நின்றார்கள். நகராட்சி அலுவலகத் தாழ்வாரத்தில் கழிப்பறைக் கதவும் சுவரும் ஒரே நீலப்பச்சையில் இரண்டறக் கலந்தன. குழு உறுப்பினர் ஹில்டிங் ஒருநாள் கழிப்பறைக்கு எழுந்து போனவர் நாற்பது நிமிடம் கழித்துத் திரும்பிவந்தார்.

"என்னாச்சு, ஹில்டிங்?"

"சுவர் ரொம்ப அமைதியா இருக்கு" என்றார் அவர். நாற்காலியில் உட்கார்ந்தார். வேறு உடை மாற்றியிருந்தார்.

விசேஷ நாட்களில் வெட்டும் கேக்கின் பச்சைப் பாதாம் மேலுறை தேர்வில் முதல் தரத்தில் தேறியது. அதன் உச்சியில் இருக்கும் இளஞ்சிவப்பு ரோஜாவை மட்டும் நீக்கச் சொல்லி பேக்கரிக்குக் கடிதம் போனது. நாட்டுக் கொடியில் உள்ள மஞ்சளை ஒத்திலியா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு நாட்டுப்பற்றின் காரணமாக விட்டுவிட்டார்.

படகுத்துறையின் விளிம்பில் இருந்த மஞ்சள் எச்சரிக்கைக் கோடு நீலமானது. தண்ணீரில் இறங்கும் இரும்பு ஏணிகள் நீலப்பச்சையாயின. மிச்சமிருந்தவை துறையில் தொங்கிய பதினான்கு உயிர்காப்பு வளையங்கள். பதினான்கும் பளீரென்ற ஆரஞ்சு. நீலக் கடலுக்குப் பக்கத்தில் நின்று, ஒத்திலியா சொன்னபடியே, கத்திக்கொண்டிருந்தன.

அந்தப் பொருள் வந்த கூட்டத்துக்குத் துறைமுகப் பராமரிப்பாளர் மைக்கெனை வரவழைத்திருந்தார்கள். அவளுக்கு ஓட்டு கிடையாது. கேட்டால் பதில் சொல்லலாம். முப்பது வருஷமாக அந்த வளையங்களைத் துடைத்து, கயிறு மாற்றி மாட்டுகிறவள். வில்காட்டோடு ஒரே வகுப்பில் படித்தவள். படிக்கும்போது அவருக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான்.

"மாத்தலாம்தான்," என்றாள் மைக்கென், ஊர் வழக்கப்படி மெதுவாக. "ஆனா கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியறதுதான் இங்க பிரச்சனையே," என்றார் ஒத்திலியா கனிவோடு. "எங்க நின்னு பாத்தாலும் அது ஒண்ணுதான் தெரியுது. கடலைப் பாக்க விட மாட்டேங்குது."

"தண்ணியில விழுந்தவன் கடலைப் பாக்க வேண்டியதில்லையே. வளையத்தைத்தானே பாக்கணும்."

ஆல்வார் துறைமுகப் பாதுகாப்பு விதிகளைக் கண்ணாடி போட்டுப் படித்தார். "விதி மூணு. 'ஆள் மூழ்கக்கூடிய இடத்தில், கைக்கெட்டும் உயரத்தில், ஒரு வளையம் மாட்டியிருக்க வேண்டும்.' கைக்கு எட்டணும்னு இருக்கு. கண்ணுக்கு எட்டணும்னு எங்கயும் இல்ல."

குழு நிம்மதியாக மூச்சு விட்டது. சட்டம் தெரிந்த தலைவர் வாய்ப்பது எல்லா ஊருக்கும் நடப்பதில்லை.

அப்போது மைக்கென் ஒரு காரியம் செய்தாள். தன் தட்டை இரண்டு விரலால் மேசை நடுவுக்குத் தள்ளினாள். பன் முழுசாக இருந்தது. ஒரு கடிகூட இல்லை.

வெண்டில்ஹாம்ன் வரலாற்றில் அப்படி ஒரு காட்சி கிடையாது. பாதிப் பன் கண்ட சபை, முக்கால் பன் கண்ட சபை, முழுப் பன் கண்டதில்லை. ஹில்டிங் கூரையைப் பார்த்தார். வேறொருவர் செருப்பைப் பார்த்தார். வில்காட் பேனாவைப் பார்த்தார்.

"கூட்டம் இப்படித் தீர்மானிக்கலாமா?" என்றார் ஆல்வார்.

"சரி."

தாழ்வாரத்தில் மைக்கென் வில்காட்டைப் பிடித்துக்கொண்டாள். "வில்காட், அந்த மூணாவது கட்டத்துல என் பேரை எழுது. 'பராமரிப்பாளருக்குச் சம்மதமில்லை'ன்னு ஒரு வரி. அது போதும்."

"நீ வாயத் திறந்து சொல்லலையே, மைக்கென். பன்னைத்தானே தள்ளின."

"சரி, இப்ப வாயத் திறந்து சொல்றேன். எழுது."

"இப்ப கூட்டம் முடிஞ்சுபோச்சே."

மைக்கென் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்கு முதுகெலும்பு இருக்கா, இல்ல அதையும் பெயிண்ட் அடிச்சுட்டாங்களா?"

வில்காட்டுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் இருபத்திரண்டு வருஷத்து வெண்மையில் கறுப்பாக ஒரு வரி! வெள்ளை மேசைவிரிப்பில் ஊறுகாய் விழுந்த மாதிரி. கை வரவில்லை. 'ஒருமனதாக' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் மைக்கென் அவரைத் துறைக்குக் கூப்பிட்டாள். வளையங்கள் கடலின் நீலப்பச்சையில் தயாராகிவிட்டன. துறையின் மரத்தூண்களும் அதே நிறம், பின்னால் கடலும் அதே நிறம்.

"இங்க நில்லு. நான் தண்ணியில விழுந்துட்டேன்னு வெச்சுக்க. வளையத்தை எடு."

வில்காட் இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். தூணைத் தடவினார். குனிந்து பார்த்தார். மைக்கென் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் செத்துப்போய் ஒரு நிமிஷம் ஆச்சு," என்றாள். "உன் முழங்கை அதுமேலதான் இருக்கு."

வில்காட் முழங்கையை எடுத்தார். அதன் அடியில் வளையம் அடக்க ஒடுக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சொல்ல வேண்டியது என்ன என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. "வேலைப்பாடு அருமை," என்றார்.

"பதிமூணுதான் அடிச்சிருக்கேன். பதினாலாவதுக்கு வரும்போது பெயிண்ட் தீர்ந்துபோச்சு."

"பெயிண்ட் டப்பா பாதி நிறைய இருக்கே அங்க."

"தீர்ந்துபோச்சுன்னு சொன்னேன்," என்றாள் மைக்கென். பேச்சு அத்தோடு முடிந்தது. பதினான்காவது வளையம் அவளுடைய துறையோரக் கொட்டகைக் கதவுக்குப் பின்னால் ஆரஞ்சாகவே தொங்கியது. அதைப் பற்றி வில்காட் எங்கேயும் எழுதவில்லை. எழுதாமல் இருப்பதில் அவர் கைதேர்ந்தவர்.

மே மாதம், நிறப் பொருத்தமுள்ள ஊருக்குத் தரும் 'இசைவு விருது' நடுவர்கள் இருவர் மாகாணத் தலைநகரிலிருந்து வந்தார்கள். துறையில் விழா. ஊறுகாய் மீனும் புது உருளைக்கிழங்கும் பச்சைத் தட்டுகளில். நகராட்சியார் அனைவருக்கும் கொள்கைப்படி மேலங்கி: ஒருவருக்கும் அடுத்தவருக்கும் அரை இழை நிற வேறுபாடு. இடது ஓரத்தில் ஆழ்கடல் நீலத்தில் ஆல்வார் தொடங்கி, வலது ஓரத்தில் பாசிப் பச்சையில் ஹில்டிங் முடிய, ஒரே வரிசையில் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆல்வார் படத்துக்காகத் தொப்பியைக் கழற்றிப் பக்கத்துத் தூணில் எதன்மீதோ மாட்டினார். எதன்மீது என்று அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது.

ஒத்திலியா கேமராவுக்குப் பின்னால் நின்று ஒரு கண்ணை மூடினார். "வில்காட், நீங்க கொஞ்சம் தூக்கலான பச்சை. ஒரு அடி பின்னாடி."

வில்காட் ஒரு அடி பின்னால் வைத்தார். வாழ்நாளெல்லாம் சொன்னவுடன் ஒரு அடி பின்வாங்கிப் பழகியவர். திரும்பிப் பார்த்து வைக்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

"இன்னும் ஒரே ஒரு அடி."

விளிம்பில் மஞ்சள் கோடு இருந்திருந்தால் கடைக்கண்ணில் பட்டிருக்கும். நீலக் கோடும் நீலத் தண்ணீரும் அண்டை வீட்டுக்காரர்கள்போல ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிக்கொண்டு போயின. வில்காட்டும் வழுக்கிக்கொண்டு போனார்.

"இப்பதான் சரியா இருக்கு!" என்று ஒத்திலியா கூவிப் படத்தை எடுத்தார்.

தண்ணீர் ஒன்பது டிகிரி. வில்காட் மேலே வந்தபோது முதலில் மூச்சு வரவில்லை. மேலங்கி ஈயம்போல இழுத்தது. ஒரு கையில் குறிப்பேடு. அதை விட மனம் வரவில்லை. நீச்சல் தெரியும்தான், ஏணியைத் தேடினார். ஏணி அங்கேதான் எங்கேயோ இருந்தது. துறையின் சுவர் முழுக்க ஒரே நீலப்பச்சை. கையால் தடவினால் பாசி. கால் விரல்கள் ஏற்கெனவே அவருடையவை இல்லை.

மேலே நடப்பதெல்லாம் தெளிவாகக் கேட்டது.

"வில்காட் எங்க?"

"இங்கதானே நின்னாரு. எனக்கும் ஹில்டிங்குக்கும் நடுவுல."

"நடுவுல எடமே இல்லையே. வரிசை சரியாத்தான் இருக்கு."

"காப்பாத்துங்க!" என்று வில்காட் கத்தினார். அறுபத்தோரு வயதில் அவர் கத்தியது அதுவே முதல் தடவை. அவருக்கே யாரோ கத்துவதுபோல இருந்தது.

"கீழேருந்து சத்தம் வருது," என்றார் ஆல்வார். "யாராவது பாக்கறீங்களா?"

பன்னிரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. வில்காட்டுக்குப் பன்னிரண்டும் தெரிந்தன. அவர்களுக்கு அலை தெரிந்தது, நுரை தெரிந்தது. கடல்பச்சை மேலங்கி போட்ட மனிதர் ஒருவர் தெரியவில்லை.

"வளையத்தைப் போடணும்! வளையம் எங்க இருக்கு?"

"எல்லா இடத்துலயும் இருக்கணும். பதினாலு இருக்கு."

"வரைபடத்துல குறிச்சிருக்கு. இந்தாங்க." வரைபடமும் மூன்று நிறத்தில் இருந்தது. நான்கு பேர் அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார்கள்.

"பதட்டப்பட வேணாம்," என்றார் ஆல்வார். "ரெண்டு குழுவா பிரிஞ்சு தேடலாம். இப்படி முடிவு பண்ணிக்கலாமா?"

"சரி," என்றார்கள் எல்லாரும். பழக்கதோஷத்தில் தண்ணீருக்குள்ளிருந்து வில்காட்டின் வாயும் "சரி" என்று சொல்லத் திறந்தது. உப்புத் தண்ணீர் உள்ளே போனது. இதைத்தான் பிற்பாடு அவர் நினைத்து நினைத்துக் குமைந்தார்.

இரண்டாம் முறை மூழ்கி எழுந்தபோது கை குறிப்பேட்டை விட்டுவிட்டது. மூன்றாம் முறை எழுவோமா என்று ஐயம் வந்தபோது, வானத்தில் வட்டமாக ஒன்று பறந்து வந்தது. ஆரஞ்சு. அத்தனை நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே கூச்சநாச்சமில்லாமல், மரியாதை தெரியாமல், கத்திக்கொண்டே வந்து அவர் தலையில் விழுந்தது.

"பிடிச்சுக்க, மடையா!" மைக்கெனின் குரல். "ரெண்டு கையாலயும்!"

கரையேறியதும் குளியல் வீட்டின் நீராவி அறையில் மூன்று கம்பளியைச் சுற்றி அவரை உட்காரவைத்தார்கள். பற்கள் தந்தியடித்தன. மைக்கென் எதிரே உட்கார்ந்து, அலைமீது மிதந்து வந்த குறிப்பேட்டைப் பக்கம் பக்கமாகப் பிரித்து உலர்த்தினாள். இருபத்திரண்டு வருஷத்து எழுத்தும் ஊறி நீலமாகப் படர்ந்திருந்தது. மூன்றாவது கட்டங்களுக்கு மட்டும் ஒரு சேதமும் இல்லை.

வில்காட் அழுதார். கடல் தண்ணீர் என்று சொல்லிப் பார்த்தார், அவள் நம்பவில்லை.

"மைக்கென், இந்தத் தடவை எழுதுவேன். உன் பேரைப் போட்டு எழுதுவேன். என் பேரையும் போட்டு எழுதுவேன். சத்தியமா."

"பாப்போம்," என்றாள் மைக்கென். கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

ஒன்பது நாள் கழித்து விசாரணைக் கூட்டம். விருது கிடைத்துவிட்டது, அது முதல் செய்தி. நடுவர்கள் புகைப்படத்தை வெகுவாகப் பாராட்டியிருந்தார்கள். ஒத்திலியாவின் கேமரா தொடர்ந்து எடுத்த படங்களில் ஒன்றில் மட்டும் வானத்தில் ஓர் ஆரஞ்சு வட்டம் பதிவாகியிருந்தது. 'இந்தச் சிறு இசைகேட்டின் மூலத்தை நகராட்சி கண்டறிந்து களையும் என நம்புகிறோம்' என்று எழுதியிருந்தார்கள்.

எனவே நிகழ்ச்சி நிரலின் ஏழாவது பொருள்: 'துறைமுகப் பகுதியில் அனுமதியற்ற ஆரஞ்சு.'

"முதல்ல, வில்காட் நம்ம நடுவுல திரும்ப உக்காந்திருக்கறதுல எல்லாருக்கும் ரொம்ப சந்தோஷம்," என்றார் ஆல்வார். கைதட்டினார்கள். வில்காட்டுக்குக் கண் கலங்கியது. "ரெண்டாவது, கொள்கைன்னு ஒண்ணு இருக்கு. பதினாலு வளையத்துக்கும் அடிக்கச் சொன்னோம். ஒண்ணு அடிக்காம ஒளிச்சு வெச்சிருக்கு."

"அந்த ஒண்ணுதானே..." என்று ஹில்டிங் தொடங்கி, எல்லாரும் திரும்பியதைக் கண்டு, "அருமையான காபி," என்று முடித்தார்.

ஒத்திலியா பெருமூச்சு விட்டார். "மைக்கென்மேல எனக்குத் தனிப்பட்ட வருத்தம் இல்ல. ஆனா யோசிச்சுப் பாருங்க. அந்த ஒரு ஆரஞ்சு இருக்கப்போயிதான் மத்த பதிமூணும் கண்ணுக்குத் தெரியலைன்னு ஒரு பேச்சே வந்துது. பதினாலும் ஒரே மாதிரி இருந்திருந்தா, யாரும் ஒப்பிட்டே பாத்திருக்க மாட்டாங்க."

குழு தலையாட்டியது. அறிவுக்கு முன்னால் பேச்சு எடுபடாது.

முன்மொழிவு இதுதான்: பராமரிப்பாளர் மைக்கெனுக்கு ஒரு மெமோ, மேற்படி வளையத்தைத் துறைமுகத்திலிருந்து உடனே அகற்றி 'விதிப்படி பொருத்தமான இடத்தில்' வைக்கவேண்டும் என்று ஓர் உத்தரவு.

வில்காட் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஓட்டு இல்லாவிட்டாலும் வாய் இருக்கிறது, பேனா இருக்கிறது, புதுக் குறிப்பேடு இருக்கிறது. நீராவி அறையில் செய்த சத்தியம் இருக்கிறது. சுவரோரம் மைக்கென் நின்றுகொண்டிருந்தாள். அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வில்காட் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடியும் திறந்தார். பிறகு, தன் அறுபத்தோரு ஆண்டு வாழ்க்கையின் வீரம் அனைத்தையும் திரட்டி, கையிலிருந்த பன்னைப் பாதியில் தட்டில் வைத்தார்.

எல்லார் கண்ணும் அந்தத் தட்டுக்குப் போனது. செயலாளரின் தட்டில் பாதிப் பன்!

ஆல்வார் பரிவோடு குனிந்து பார்த்தார். "ஐயோ பாவம். இன்னும் வயித்துல உப்புத் தண்ணி போகலையா?" என்று கேட்டு, வீணாக்கக் கூடாதே என்று அந்தப் பாதியைத் தானே எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மென்றபடியே, "கூட்டம் இப்படித் தீர்மானிக்கலாமா?" என்றார்.

"சரி."

சுத்தியல் இறங்கியது. வில்காட்டின் பேனா அவரைக் கேட்காமலே 'ஒருமனதாக' என்று எழுதி முடித்தது. மூன்றாவது கட்டம் பால்போல இருந்தது.

மைக்கென் வெளியே போனாள். எட்டாவது பொருள் பாதியில் இருக்கும்போது கதவு திறந்தது. அவளுடைய ஒரு கையில் சுத்தியல், வாயில் இரண்டு ஆணி, தோளில் ஆரஞ்சு வளையம். வில்காட்டின் நாற்காலிக்குப் பின்னால், நீலப்பச்சைச் சுவரில், ஓங்கி ஆணியடித்தாள். அந்த அறையில் அவ்வளவு சத்தம் அதுவரை கேட்டதில்லை. வளையத்தை மாட்டி, நேராக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"மைக்கென்," என்றார் ஆல்வார், குரலை உயர்த்தாமல். "இதை ஏன் இங்க மாட்டறீங்க?"

"உத்தரவுல இருக்கே. துறைமுகத்துலேருந்து எடுத்துட்டேன். விதிப்படி பொருத்தமான இடத்துல மாட்டிட்டேன்."

"எந்த விதி?"

"விதி மூணு. ஆள் மூழ்கற இடத்துல, கைக்கு எட்டற உயரத்துல." சுத்தியலை இடுப்பில் சொருகிக்கொண்டாள். "இத்தனை வருஷத்துல கடல்ல விழுந்தவங்களை எண்ணிடலாம். இங்க விழுந்தவங்களை எண்ண முடியல."

பதினொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நீலச் சுவர், பச்சை மேசை, கடல்நிறச் சட்டைகள். ஒரு கண்ணும் எங்கேயும் தடுக்கவில்லை. வாசலில் நின்று மைக்கென் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். தன்னைத்தான் தேடுகிறாள் என்று வில்காட்டுக்குப் புரிந்தது. நாலடி தூரத்தில்தான் இருந்தார். அவள் பார்வை வரிசையின் ஒரு முனையில் தொடங்கி, ஒவ்வொருவராகக் கடந்து, அவரையும் கடந்து, நிற்காமல் போய் வளையத்தில் நின்றது.